இருட்டுப் பார்த்த தட்டு

என் அக்கா மகளின் கண்ணுக்குள் என்ன போகப்போகிறது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அதைத் தட்டில் வைத்து வளர்த்தவளே நான்தான்.

விஷயம் தெரிந்ததே காலைக் கூட்டத்தில். எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மைக். கையில் மைக் கிடைத்தால் பிடுங்கித்தான் வாங்க வேண்டும். மைக் இல்லாத இடத்தில் பேனாவை வாயருகே பிடித்துக்கொண்டு பேசுவார். அன்றைக்கும் பேனாவைப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"நம்ம செல்கள் முதல் தடவையா ஒரு மனுஷக் கண்ணுக்குள்ள போகப்போகுது. அதுவும் யாருக்கு? நம்ம வீட்டுப் பொண்ணுக்கு!" என்று சொல்லி என் பக்கம் கையை நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பழக்க தோஷம், நானும் தட்டினேன். அப்புறம்தான் அவர் சொன்ன வீடு என் வீடு என்று உறைத்தது.

"யாரு சார்?"

"என்னம்மா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க அக்கா பொண்ணுதான். அக்கா வந்து என்கிட்ட பேசிட்டுப் போயிட்டாங்களே. உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொன்னாங்க."

சர்ப்ரைஸாம் சர்ப்ரைஸ்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று போன மாதம் குடும்பத்தோடு அவர்களைக் கூட்டி வந்தது நான்தான். அன்றைக்கு மைக் முன்னால் நின்று பொழிந்த பொழிவில் அக்கா அப்படியே கரைந்துபோயிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் போய்ப் பேசி முடித்துவிட்டாள்.

அக்கா மகளுக்கு வீட்டில் பெயர் வாண்டு. கல்லூரிக்குப் போகிற பெண், இன்னும் வாண்டுதான். அவளுக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுவில் கோளாறு. விழித்திரையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டு வருகிறது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது அழிந்து போகும், ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியும். அதனால் யாரிடம் பேசினாலும் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பேசுவாள். புதிதாகப் பார்ப்பவர்கள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பார்கள். அந்த ஓரப் பார்வையை வைத்துக்கொண்டே சாலையைக் கடப்பாள், பேருந்தைப் பிடிப்பாள், தெருமுனையில் வருவது யார் என்று நடையை வைத்தே சொல்வாள். அவளிடம் மிச்சம் இருப்பது அந்த ஓரம் மட்டும்தான். அதில்தான் இவர்கள் ஊசியை ஏற்றப்போகிறார்கள், அதுவும் இரண்டு கண்ணிலும் ஒரே நாளில்.

நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று புரிய வேண்டுமானால் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். ஸ்டெம் செல் என்பது இன்னும் எதுவாகவும் ஆகாத செல். தோலாகலாம், நரம்பாகலாம், இதயமாகலாம், பல்லாகவும் ஆகலாம். அதை அப்படி முடிவெடுக்க விடாமல் வைத்திருப்பது ஒரு மரபணு. அந்த மரபணுவை அணைத்து, பக்குவமாகத் தாஜா பண்ணினால், விழித்திரைக்குப் பின்னால் நின்று அதைக் காய்ந்துபோகாமல் காக்கிற செல்லாக மாறும். சிலது மாறாமல் அடம்பிடிக்கும். அதைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். அந்த மரபணு வேலை செய்தால் கூடவே பச்சை ஒளி வருகிற மாதிரி ஒரு துண்டை செல்லுக்குள் செருகியிருக்கிறோம். மரபணு அணைந்தால் பச்சையும் அணையும்.

ஆகவே செல்களை வெளியே கொடுப்பதற்கு முன்னால் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, நீல ஒளியில் தட்டைப் பார்ப்போம். ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லாமல் கும்மிருட்டாக இருந்தால் தட்டு சுத்தம். இதற்குப் பெயர் இருட்டுப் பார்ப்பது. மற்ற இடங்களில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள், எங்கள் ஆய்வகத்தில் "இருட்டுப் பார்த்தாச்சா?" என்று கேட்போம்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பச்சை ஒளித் துண்டு நாங்கள் செருகியது, செல்லுக்கு அது வேண்டாத விருந்தாளி. சில செல்கள் அதை மட்டும் சுருட்டி மூடி வைத்துவிடும். அசல் மரபணு உள்ளே ஜம்மென்று வேலை செய்துகொண்டிருக்கும், வெளியே பச்சை தெரியாது. வீட்டில் பல்பு ஃபியூஸ் போனால் உள்ளே ஆளே இல்லை என்று சொல்வீர்களா? நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அந்த மரபணு செய்கிற புரதத்தையே சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். சாயம் போட்ட செல்கள் செத்துப்போகும், ஆனால் உண்மை தெரிந்துவிடும்.

இதைப் போன வருடமே கூட்டத்தில் படம் போட்டுச் சொன்னேன். மைக் பேனாவை எடுத்தார். "நம்ம மேடத்துக்கு இருட்டுன்னா பயம்போல" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஷயம் அத்தோடு போயிற்று.

அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் நேரே அவருடைய அறைக்குப் போனேன். அவர் கண்ணாடி முன்னால் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சார், சாயம் போட்டுப் பார்க்காம அந்த செல்லை யார் கண்ணுலயும் போடக்கூடாது."

"இருட்டுப் பார்த்தாச்சும்மா. நானே பார்த்தேன். ஒரு பொட்டுப் பச்சை இல்ல."

"பச்சை இல்லைன்னா பச்சை இல்லைன்னுதான் அர்த்தம். செல்லு மாறிடுச்சுன்னு அர்த்தமில்ல. மாறாத ஒரு செல்லு கண்ணுக்குள்ள போனா அது பாட்டுக்குப் பெருகும். கட்டி கட்டும். விழித்திரையைத் தூக்கிடும். இருக்குற பார்வையும் போயிடும் சார்."

"அனுமதி குடுக்கற கமிட்டியே சரின்னு சொல்லியாச்சு. கமிட்டியைவிட நீங்க பெரிய ஆளா?"

"நான் சொன்னதைக் கமிட்டிக்குச் சொன்னீங்களா?"

டையின் முடிச்சை ஒருமுறை இறுக்கிக்கொண்டார்.

"சரி, எதுக்கு ரெண்டு கண்ணும் ஒரே நாள்ல? ஒரு கண்ணுல போட்டுட்டு, பொறுத்திருந்து பார்த்துட்டு அடுத்த கண்ணுக்குப் போகலாமே?"

"பாவம், சின்னப் பொண்ணு. ரெண்டு தடவை எதுக்கு மயக்க மருந்து குடுக்கணும்?" என்றார். இந்த மனிதருடைய கருணையே கருணை! ஒரு தட்டைத் தாருங்கள், நானே சாயம் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். ஊசிக்கென்று வளர்த்த அந்தத் தொகுதியில் ஒரு தட்டைக்கூட வீணடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

சாயந்திரம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தையல் கடை வைத்திருப்பவள். வீட்டின் முன்னறைதான் கடை. கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அத்தான் அப்போதுதான் பேருந்து ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டியிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரைக் கேட்டு அந்த ஆள்கிட்ட போனே?"

"வந்துட்டாளா? வா, உட்காரு. காபி போடவா?"

"காபியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்த ஊசி போடக்கூடாது அக்கா. அது சரியாச் சோதிக்காத செல்லு."

அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். "நீ வளர்த்த செல்லுதானேடி?"

"நான் வளர்த்தது. அதனாலதான் சொல்றேன்."

"அப்போ நீ வளர்த்த லட்சணம் சரியில்லைன்னு சொல்றியா?"

எப்படி இருக்கிறது பாருங்கள்! நான் பச்சை ஒளி, மரபணு, கட்டி என்று எல்லாவற்றையும் சொன்னேன். துணி வெட்டுகிறவளுக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன். அவளுக்கு ஏறவே இல்லை. அவள் காதில் மைக்கின் குரல்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு எவ்வளவு பெரிய மனுஷர்! என்னை உட்கார வச்சு, தண்ணி குடுத்து, அரை மணி நேரம் பேசினாரு. நீ என்னைக்காவது அப்படிப் பேசியிருக்கியா? எப்ப கேட்டாலும் இன்னும் ஆகல, இன்னும் தெரியல, பொறுத்துப் பார்க்கணும். இத்தனை வருஷமா தட்டு கழுவிக்கிட்டே இருக்கியே, ஒருத்தருக்காவது கண்ணு குடுத்திருக்கியா? இப்போ ஒருத்தரு குடுக்க வந்தா உனக்குப் பொறுக்கல."

"பொறாமைங்கறியா?"

"நான் சொல்லல. நீயே சொல்லிக்கிட்டே."

அத்தானைப் பார்த்தேன். அவர் பார்வையை மின்விசிறிக்குக் கொண்டுபோய்விட்டார். அவ்வளவு பெரிய பேருந்தைச் சந்தில் திருப்புவார், இந்த வீட்டில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

உள்ளறையிலிருந்து வாண்டு வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு வேணும் சித்தி" என்றாள். "அம்மா மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு. எப்பப் பார்த்தாலும் காதும் கொண்டையும்தான் தெரியுது. ஒரு தடவை நேரா பார்க்கணும்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனாலும் என் கோபம் ஒரு துளி குறையவில்லை, கூடத்தான் செய்தது. இந்தப் பெண்ணின் இந்த ஆசையைப் பிடித்துக்கொண்டுதானே அந்த ஆள் பேனாவை வாயருகே வைத்துப் பேசுகிறார்!

மறுநாள் ஊசிக்கான அதே தொகுதியின் செல்களைத் தட்டுகளுக்குப் பிரித்தபோது குழாயின் அடியில் எப்போதும்போலக் கொஞ்சம் மிஞ்சியது. வழக்கமாக அது பிளீச்சிங் ஊற்றிய கழிவுப் புட்டிக்குப் போகும். நான் அதை ஒரு சின்னத் தட்டில் ஊற்றினேன். ஸ்டெம் செல்லுக்கு மட்டும் பிடித்த மீடியத்தைக் கொடுத்தேன். மீடியம் என்றால் செல்லுக்கான சாப்பாடு. மாறி முடித்த செல்லுக்கு அது ஒத்துக்கொள்ளாது, அப்படியே சோர்ந்து கிடக்கும். மாறாத செல்லுக்கோ அது விருந்து. பச்சை தெரிகிறதோ இல்லையோ, உள்ளே ஆள் இருந்தால் சாப்பிட வரத்தானே வேண்டும்?

வந்தார்கள். கொஞ்ச நாளில் தட்டின் ஒரு மூலையில் ஓரம் கூர்மையாக, பளபளவென்று ஒரு கூட்டம் எழும்பியது. எங்கள் தொழிலில் இருப்பவருக்கு ஒரு பார்வை போதும், சந்தேகமே வேண்டாம். நீல ஒளியில் வைத்துப் பார்த்தேன். கும்மிருட்டு. மைக் கணக்குப்படி சுத்தமான தட்டு!

மைக்கிடம் சொன்னேன். ஊசி முடியட்டும், பேசலாம் என்றார். கமிட்டிக்கு எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பக்கத்து மேசைக்காரனிடம் காட்டினேன். பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நீங்க சொல்றது சரிதான் மேடம். ஆனா என்னை இழுத்துவிடாதீங்க" என்று சொல்லி நழுவினான். நல்ல ஜென்மங்கள்!

தட்டை இன்குபேட்டரிலேயே வைத்து, மீடியத்தை மாற்றி, என்னவாக வேண்டுமோ ஆகட்டும் என்று விட்டேன். ஊசிக்கு முந்தின வாரம் அதைத் திறந்து நுண்ணோக்கியில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நடுவில் ஒரு திட்டு துடித்துக்கொண்டிருந்தது. சீராக, லப்பு டப்பு என்று. இதயத் தசை. கண்ணுக்குப் போக வேண்டிய தொகுதியிலிருந்து வந்த இதயத் தசை.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். "நீ என்னை நம்ப வேண்டாம். வாண்டுவைக் கூட்டிட்டு வந்து உன் கண்ணால பாரு. அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அளவு எடுக்க வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு மதியத்துக்குள் வந்து சேர்ந்தாள்.

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, நுண்ணோக்கியில் குனியச் சொன்னேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். குமிழைத் திருப்பினேன். சட்டென்று அவள் முதுகு நிமிர்ந்தது.

"அய்யோ, துடிக்குதுடி!"

"ஆமா."

"உயிரோட இருக்கு!" அவள் முகமெல்லாம் பூரிப்பு. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. "வாண்டு, நல்ல செல்லுடி, துடிக்குது பாரு! இதைப் போயா சரியில்லைன்னு சொன்னே? இவ்வளவு நல்லா இருக்கே!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையை ஓங்கித் தட்டினேன். தட்டு மூடி குதித்தது.

"துடிக்கக்கூடாது அக்கா! கண்ணுக்குள்ள எது துடிக்கும்? சொல்லு, எது துடிக்கும்? கண்ணுக்குப் போற செல்லு அசையாம, வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்து வேலை பார்க்கணும். இது நெஞ்சு. நாளைக்கு இது பல்லாகும், முடியாகும். இதைத்தான் உன் பொண்ணு கண்ணுல போடப்போறாங்க!"

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். வாண்டு நுண்ணோக்கிப் பக்கமே வரவில்லை. அதில் குனிந்தால் அவளுக்கு எதுவும் தெரியாது, நேராகத்தானே பார்க்க வேண்டும். நான் படத்தைப் பக்கத்துத் திரையில் போட்டேன். அவள் திரைக்கு எதிரே நின்றாள். பிறகு மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓரப் பார்வைக்கு எழுத்து தெரியாது, முகம் தெரியாது, ஆனால் அசைவு மட்டும் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

"அசையுது சித்தி" என்றாள். சுவரைப் பார்த்தபடியே கைப்பேசியை எடுத்து அதை வீடியோ பிடித்துக்கொண்டாள். "இது உள்ள போனா, நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வருமா?"

"முதல்ல வரும். அப்புறம் எதுவுமே தெரியாது."

அப்போது கதவு திறந்தது. பக்கத்து மேசைக்காரன் போய் ஓதியிருக்க வேண்டும். மைக் உள்ளே வந்தார். அக்காவைப் பார்த்ததும் பல்லைக் காட்டினார், திரையைப் பார்த்ததும் அது மறைந்தது.

"யாரைக் கேட்டு இந்தத் தட்டை வச்சீங்க?"

"கழிவுப் புட்டிக்குப் போக வேண்டியதை வச்சேன். அதையேதான் நீங்க கண்ணுக்குப் போடறீங்க."

"அம்மா, நீங்க பயப்படாதீங்க" என்று அக்காவின் பக்கம் திரும்பினார். குரலில் தேன் ஒழுகியது. "இவங்க இதை வேணும்னே வேற சாப்பாடு போட்டு வளர்த்திருக்காங்க. எந்தத் தொகுதியிலயும் இப்படி ஒண்ணு ரெண்டு செல்லு இருக்கத்தான் செய்யும். இது எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சதுதான். லட்சக்கணக்கான செல்லுல ஒண்ணு ரெண்டு. அதையெல்லாம் பார்த்தா விஞ்ஞானம் முன்னேறுமா?"

முன்னாடியே தெரியுமாம்! நான் வாயைத் திறப்பதற்குள் வாண்டு அவர் பக்கம் நகர்ந்தாள். மரியாதையாக, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஒண்ணு எந்தக் கண்ணுக்கு சார்? வலது கண்ணுக்கா, இடது கண்ணுக்கா?"

மைக்குக்குப் பேச்சு வராததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டார், எடுக்கவில்லை. "இஷ்டமில்லைன்னா விட்டுடுங்க" என்றார் கடைசியில். "காத்துக்கிட்டிருக்கிற ஆள் நிறைய பேர் இருக்காங்க. புதன்கிழமையே வேற ஒருத்தருக்குப் போட்டுக்கறோம்."

அவர் போனதும் அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வாண்டுவின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி என்னிடம் மன்னிப்புக் கேட்பாள், நானும் கொஞ்சம் பிகு பண்ணிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"வேற ஒருத்தருன்னா யாருடி?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? அவங்களுக்கு யாரு காட்டுவா?"

சாயந்திரமே என் அனுமதி அட்டையை மைக் வாங்கிக்கொண்டார். செல் அறைக்குள் இனி நான் நுழைய முடியாது. துடித்துக்கொண்டிருந்த தட்டைக் கழிவுப் புட்டியில் கொட்டிவிட்டார்களாம். கமிட்டி இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது. நன்றாகப் பரிசீலிக்கட்டும், ஒருவருக்காவது பார்வை போன பிறகு முடிவு சொல்லட்டும்!

புதன்கிழமை காலை அக்கா கடையைத் திறக்கவில்லை. ஊசி போடுகிற கட்டடத்தின் வாசல் பெஞ்சில், கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தாள். கழற்ற மறந்துவிட்டாள் போல. பக்கத்தில் வாண்டு. நானும் போய் ஒட்டிக்கொண்டேன். காவலாளி வந்து எழுந்து போகச் சொன்னபோது, "ஏன், பெஞ்சு உட்காரத்தானே போட்டிருக்கு?" என்று அக்கா ஒரு அதட்டு அதட்டினாள். அவர் போய்விட்டார்.

பத்து மணி வாக்கில் ஒருவர் கைத்தடியைத் தட்டித் தட்டி வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மனைவி. இருவரும் புதிதாகச் சலவை செய்த உடுப்பு போட்டிருந்தார்கள். அக்கா எழுந்துபோய் அந்த அம்மாளை வழிமறித்தாள்.

"கண்ணுக்கு ஊசி போட வந்தீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்களுக்குப் போடப்போற செல்லு இது. பார்த்துட்டு உள்ள போங்க."

வாண்டு கைப்பேசியை நீட்டினாள். அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்னங்க, துடிக்குதுங்க! உயிரோட இருக்குங்க!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது. அப்புறம் அந்த அம்மாளின் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"துடிக்கக்கூடாதும்மா" என்றாள்.